எடை கேட்ட காலமும் விலை கேட்கும் காலமும்

"அந்தக் காலத்துப் பொருள் என்றால் அது தனி, இப்போது வாங்குவதெல்லாம் ஓராண்டு தாங்கினாலே பெரிது" என்னும் பெருமூச்சைக் கேளாத இல்லம் நம்மிடையே இராது. மாவரைக்கும் இயந்திரம் முதல் மழைக்காலக் குடை வரை எல்லாவற்றின்மீதும் இக்குற்றச்சாட்டு உண்டு. குற்றவாளி யார் என்பதிலும் பெரும்பாலும் ஐயம் எழுவதில்லை. செய்து விற்பவர் ஏமாற்றுகிறார், நாம் ஏமாறுகிறோம், அவ்வளவே. இத்தீர்ப்பில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் வழக்கை முழுமையாக விசாரியாமல் வழங்கப்பட்ட தீர்ப்பு அது. வாங்குவோராகிய நாமும் அவ்வழக்கில் ஒரு தரப்பினர். அதனை எடுத்துரைக்க, ஏழை பணக்காரர் என்ற வேறுபாடின்றி எல்லார் வீட்டிலும் உள்ள சமையற்கட்டுப் பாத்திரத்தின் கதையைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. பழம்பொருள்கள் யாவும் உறுதியானவை என்று எண்ணுவது நம் கண் செய்யும் பிழை. பரணில் இன்று கிடப்பவை உடையாமல் எஞ்சியவை மட்டுமே. உடைந்தவை நம் பார்வைக்கு வருவதில்லை. கொடுமணலிலும் கீழடியிலும் அரிக்கமேட்டிலும் அகழ்ந்தவர்களுக்குக் கூடை கூடையாகக் கிடைத்தவை எவை? பானை ஓடுகளே. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நம் முன்னோரும் நாள்தோறும் எதையாவது உடைத்துக்கொண்டுதான் இருந்தனர். மண்பானை மலிவு, உடைந்தால் அடுத்த தெருக் குயவரிடம் வேறொன்று வாங்கலாம். உடைந்த ஓடு மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். குயவருக்கும் பிழைப்பு நடக்கும். தை பிறக்கும்போது புதுப்பானை வாங்கும் வழக்கம் அக்குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் ஒரு வருவாயை உறுதிசெய்தது. ஆகவே விரைவில் அழியும் மலிவுப் பொருள் என்பது நம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு அன்று. (அந்த ஓடுகள் சிலவற்றில் உரியவர் தம் பெயரைத் தமிழி எழுத்தில் கீறி வைத்திருக்கிறார். இச்செய்தியை நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம், பின்னர்த் தேவைப்படும்.)

மண்ணுக்கு மறுபுறத்தில் நின்றது உலோகம். செம்பும் தகரமும் கலந்தால் வெண்கலம். செம்பும் துத்தநாகமும் கலந்தால் பித்தளை. இவை தலைமுறைகளைத் தாண்டுபவை. நெல்லைச் சீமையின் ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ என்னும் ஆங்கிலேயர் நடத்திய அகழாய்வில், மூடிகளில் எருமையும் சேவலும் நிற்கும் வெண்கலக் கலங்கள் வெளிப்பட்டன. மண்ணுக்குள் எத்தனையோ நூற்றாண்டுகள் கிடந்தும் வடிவம் மாறாத அவற்றைச் சென்னை அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

உலோகப் பாத்திரத்தை நம் பாட்டிமார் எப்படி வாங்கினர் என்பதே நம் பொருளுக்கு முக்கியம். கடையில் அவர்கள் முதலில் கேட்டது எடையை. தராசுத் தட்டில் வைத்து நிறுத்த பிறகே விலை பேசப்பட்டது. செய்கூலி ஒரு சிறு பகுதி; மீதியெல்லாம் உலோகத்தின் மதிப்பு. முப்பது ஆண்டு புழங்கிய அண்டாவை மீண்டும் கடைக்குக் கொண்டுபோனால் அதே தராசில் ஏற்றி, உலோகத்துக்குரிய தொகையைத் தருவார்கள். வேறு சொற்களில் சொன்னால், அடுப்பில் ஏறும் பாத்திரம் அக்குடும்பத்தின் சேமிப்பாகவும் இருந்தது. மகளுக்குச் சீர்வரிசையாகக் கொடுத்த குடமும் தவலையும் அவளுடைய சொத்து. பஞ்சத்திலும் நோயிலும் அவை அடகுக்கடைக்குப் போகும்; அறுவடைக்குப் பின் மீண்டு வரும். வங்கியின் வாசற்படியை மிதித்தறியாத பெண்ணுக்கு அதுவே வங்கி.

கடன் கொடுத்தவர்களும் இதனை அறிந்திருந்தனர். பண்டபாத்திரங்களை ஜப்தி செய்வது நம் ஊர்களில் பழகிப்போன கொடுமை. எனவேதான் 1908 ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் தன் 60 ஆம் பிரிவில், கடனாளியின் உடுதுணியோடும் படுக்கையோடும் அவருக்கு இன்றியமையாத சமையற்பாத்திரங்களையும் பற்றுகைக்கு அப்பாற்பட்டவையாக ஆக்கியது. இணைச்சட்ட நூல் மாவரைக்கும் கல்லை அடகாகப் பெறலாகாது என்று தடுத்ததும் இதே இரக்கத்தினால்தான். பறித்துச் செல்லும் அளவுக்கு மதிப்புடைய பொருள் ஏழையின் அடுப்படியில் இருந்தது என்பதற்கு இவ்விரு சட்டங்களும் சான்று. இன்று எந்தக் கடன்காரர் பிளாஸ்டிக் வாளியை ஜப்தி செய்யப் போகிறார்?

உறுதியான பொருளுக்கு அதனைப் பேணுவோரும் வேண்டும். பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஊறும். ஆதலால் உட்புறத்தில் ஈயம் பூச வேண்டும். ஈயம் பூசுபவர் தெருமுனையில் சிறு குழி தோண்டி, துருத்தியால் கரிநெருப்பை ஊதி, பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, பஞ்சால் தேய்ப்பார். கண்மூடித் திறப்பதற்குள் கறுத்த உட்புறம் வெள்ளியாகும். சிறுவர்களுக்கு அதைவிடச் சிறந்த வேடிக்கை இருந்ததில்லை. நெளிந்ததை நிமிர்த்தவும், ஓட்டையைப் பற்றவைக்கவும், தேய்ந்துபோன குடத்திற்கு வேறு அடி போடவும் கன்னார் இருந்தனர். அம்மி கொத்துபவர், குடை தைப்பவர், பாய் முடைபவர் என ஒரு பெருங்கூட்டமே பொருள்களின் ஆயுளை நீட்டித்து வாழ்ந்துவந்தது.

இந்த ஏற்பாட்டில் முதல் விரிசல் விழுந்த இடமும் காலமும் நமக்குத் தெரியும். சென்னை, 1898. ஆதிச்சநல்லூரில் வெண்கலக் கலங்கள் வெளிப்படவிருந்த தறுவாயில், அங்கிருந்து நானூறு மைலுக்கு அப்பால், சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஒரு புது உலோகத்தைத் தட்டிப் பாத்திரமாக்கிக்கொண்டிருந்தனர். அதுவே அலுமினியம். பள்ளியின் கண்காணிப்பாளராயிருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் அம்முயற்சியின் தலைவர். அதற்கு அரை நூற்றாண்டு முன்புவரை அலுமினியம் அரசர்களுக்குரிய அரும்பொருள். 1886 இல் அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் எரூ என்பவரும் ஒருவரையொருவர் அறியாமலே மின்னாற்றலால் அதனைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டனர். விலை சரிந்தது. பித்தளையின் எடையில் மூன்றில் ஒரு பங்கே உள்ள உலோகமாதலால், அதே அளவுள்ள பாத்திரத்திற்கு மூன்றில் ஒரு பங்கு உலோகமே போதும். எனவே மலிவாக விற்க முடிந்தது.

சாட்டர்டனைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. வெளிநாட்டு இறக்குமதியால் நலிந்த உலோகத் தொழிலாளருக்குப் புதுவாழ்வு தரவே அவர் முனைந்தார். பித்தளையைத் தட்டிய அதே கைகளும் அதே சுத்தியலும் அலுமினியத் தகட்டையும் தட்டக்கூடும் என்று நம்பினார். முயற்சி பலித்தது. 1900 இல் இந்தியன் அலுமினியம் கம்பெனி என்னும் தனியார் நிறுவனம் சென்னையில் தோன்றியது. பள்ளியின் பட்டறை 1903 இல் அதன் கைக்கு மாறியது. இந்நாட்டில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு வித்திட்டது அப்பட்டறையே.

ஏழை மக்கள் அதனை வரவேற்றனர், வரவேற்றது முறையே. ஈயம் பூச வேண்டியதில்லை, களிம்பு ஊறும் என்ற அச்சமில்லை, தூக்க எளிது, சோறு விரைவில் வேகும், எல்லாவற்றிற்கும் மேலாக, கையிலிருக்கும் காசுக்குக் கிடைத்தது. மண்பானையையே நம்பியிருந்த குடிசைக்குள் உலோகம் முதன்முதலில் நுழைந்தது இவ்வழியாகத்தான். ஆயினும் இப்பாத்திரம் எளிதில் நெளிந்தது. புளியும் உப்பும் அதனை அரித்தன. ஓட்டை விழுந்தால் தெருவில் பற்றவைக்க இயலவில்லை. அடகுக்கடைக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்க்கவும் மறுத்தார். கன்னார் இருவகையில் இழந்தனர்: புதிது செய்யும் வேலை குறைந்தது, பழையதைப் பழுதுபார்க்கும் வேலையும் குறைந்தது.

பின்னர் வந்த எவர்சில்வரின் கதை வேறு. 1913 இல் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருவேறா எஃகு, வணிகர் இட்ட அப்பெயரோடு நம் சமையற்கட்டுக்குள் நுழைந்து நிலைத்துவிட்டது. 1981 இல் சேலம் உருக்காலையில் அதன் தகடு உருவாகத் தொடங்கியது. பொருள்களின் உறுதி நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தது என்று நேர்கோடு இழுப்போரை இவ்வுலோகம் மறுக்கிறது. இதற்கு ஈயமும் வேண்டாம், புளியும் வேண்டாம். விழுந்தால் ஓசை எழுமே தவிர உடைவதில்லை. நம் தாய்மார் பரம்பரைப் பித்தளைக் குடங்களையும் சரிகைப் பட்டுச்சேலைகளையும் கொடுத்து எவர்சில்வர் வாங்கினர். எடைக்கு எடை பார்த்தால் அந்தப் பண்டமாற்றில் அவர்கள் இழந்ததே மிகுதி என்பது எம் கருத்து. எனினும் வாங்கியதில் தம் பெயரையும் நாளையும் வெட்டச் சொன்னார்கள். பானை ஓட்டில் பெயர் கீறிய பழந்தமிழரின் அதே விரல்தான் அதுவும். பெயர் வெட்டிக்கொண்ட பொருளை எவரும் எளிதில் எறிவதில்லை.

ஆனால் எவர்சில்வரிலும் ஒரு மாற்றம் மெல்ல நுழைந்தது. தகடு மெலிந்தது. ஒரே அச்சு, ஒரே பளபளப்பு. கனம் மட்டும் குறைவு. மெலிந்த தகட்டில் செய்த சம்படம் விலையில் சற்றுத் தாழ்ந்திருக்கும். பக்கத்துக் கடையில் அதே சம்படம் ஐந்து ரூபாய் குறைவு என்று சொல்லிக்கொண்டு நாம் எழுந்து போகிறோம். மறுமுறை கொள்முதல் செய்யும்போது இந்தக் கடைக்காரரும் மெலிந்ததையே தருவிக்கிறார். இதில் சூழ்ச்சி செய்தவர் எவர்? யாரும் எவரையும் ஏமாற்றவில்லை. ஆனால் கனமான சம்படம் கடைத்தெருவிலிருந்து மறைந்துவிட்டது.

பிளாஸ்டிக் குடத்தைப் பற்றி எழுதுவதற்கு முன், அதைச் சுமந்த பெண்ணை நினைக்க வேண்டும். காலியாக இருக்கும்போதே இடுப்பை ஒடிக்கும் பித்தளைக் குடத்தை நிரப்பிக்கொண்டு, வெயிலில் நெடுந்தூரம் நடந்தவளுக்கு அந்தக் குடம் உண்மையான விடுதலை. ஒன்றுக்கு நான்காக வாங்கிக் குழாயடியில் வரிசையில் வைக்கலாம். நகர்களில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வண்ணக் குடங்களின் வரிசை நம் காலத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. வசதியான இல்லத்தில் குழாயைத் திறந்து நீர் பிடிப்பவர், "பித்தளைக் குடத்துத் தண்ணீரின் சுவையே தனி" என்று அவளுக்குப் போதிப்பது நியாயமாகாது.

எனினும் அவள் கொடுத்த விலையையும் கணக்கிட வேண்டும். வெயில் பட்டுப் பட்டு பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை அடைகிறது. கழுத்தில் கீறல் விழுகிறது. தொடக்கத்தில் இதற்கும் ஒரு பழுதுபார்ப்பவர் தோன்றினார். கத்தியைக் காய்ச்சி, பழைய துண்டொன்றை உருக்கி, வாளிக்கு ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். ஈயம் பூசியவர்களில் சிலரே இத்தொழிலுக்கு மாறியிருக்கவும் கூடும். நாளடைவில் புதிய குடத்தின் விலை அவர் கூலிக்கு அருகே இறங்கியது. பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த கருநிறக் குடங்கள் அதனினும் மலிவாகக் கிடைத்தன. ஒட்டுப் போடுபவரும் மறைந்தார். இன்று அப்பெண்ணின் குடிசையில் பொருள்கள் அவள் பாட்டியிடம் இருந்தவற்றைக் காட்டிலும் பன்மடங்கு. ஆனால் அவசரத்துக்கு அடகு வைக்க ஒன்றுமில்லை. பாட்டி ஒரு முறை வாங்கினாள். பேத்தி ஆண்டுதோறும் வாங்குகிறாள். மலிவுப் பொருளுக்கு வாழ்நாள் முழுதும் அதிக விலை கொடுப்பவர்கள் ஏழைகளே.

"அப்படியானால் செய்பவர்மீது குற்றமே இல்லையா?" என்று வாசகர் கேட்கக்கூடும். உண்டு, ஆவணச் சான்றோடு மெய்ப்பிக்கப்பட்ட குற்றமே உண்டு. அதற்குப் பாத்திரத்தை விட்டு மின்விளக்கின் கதைக்குச் செல்ல வேண்டும். 1924 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில், ஓஸ்ராம், பிலிப்ஸ் முதலிய பெரும் விளக்கு நிறுவனங்கள் கூடி ஃபீபஸ் என்னும் கூட்டமைப்பை உருவாக்கின. சந்தையைப் பங்கிட்டுக்கொண்டதோடு, குமிழ்விளக்கின் ஆயுள் 1,000 மணி நேரமாக இருக்க வேண்டும் என்றும் விதித்தன. அதற்கு முன் 1,500 முதல் 2,000 மணி வரை எரிந்த விளக்குகள் இருந்தன. உறுப்பு நிறுவனங்கள் தம் விளக்குகளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். நெடுநேரம் எரிந்தால் சுவிஸ் பிராங்கில் தண்டம் கட்ட வேண்டும்! 1926 இல் சராசரி 1,800 மணியாக இருந்த ஆயுள், 1933-34 நிதியாண்டில் 1,205 மணியாகக் குறைந்தது. இரண்டாம் உலகப்போர் வந்து இக்கூட்டணியைக் குலைத்தது.

இக்கதையில் பலரும் சொல்லாமல் விடும் பகுதிகள் உண்டு. நெடுநாள் எரியும் இழைவிளக்கு மங்கலாக எரியும். அதே வெளிச்சத்திற்கு மின்சாரம் மிகுதியாகச் செலவாகும். இதனை ஆராய்ந்த பிரித்தானிய ஏகபோக ஆணையம், 1,000 மணி என்பது ஏற்கத்தக்க ஒரு நடுநிலை என்றே 1951 இல் கருத்துரைத்தது. மற்றொன்று, இக்கூட்டணிக்குப் போர் வருவதற்கு முன்பே தொல்லை கொடுத்தவர் யார் என்பது. ஜப்பானின் சிறு குடும்பப் பட்டறைகள் மலிவான விளக்குகளை உலகெங்கும் அனுப்பின. 1922 இல் 4.5 கோடியாக இருந்த ஜப்பானின் ஆண்டு உற்பத்தி 1933 இல் 30 கோடியாயிற்று. சுவீடனில் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்கள் லூமா என்னும் சொந்த ஆலையைத் தொடங்கி விலையைக் குறைத்தன. இரு எதிரிகளும் வீசிய ஆயுதம் குறைந்த விலையே. நெடுநாள் எரியும் விளக்கு என்ற கொடியைப் பிடித்து அந்தச் சந்தையைக் கவர்ந்தவர் எவரும் இல்லை. மக்களும் கடையில் விலையைக் கேட்டார்களேயன்றி மணிக்கணக்கைக் கேட்கவில்லை.

கொடி பிடித்தவர் ஒருவரேனும் இருந்தாரா என்று தேடினால், எதிர்பாராத இடத்தில் கிடைக்கிறது விடை. மீண்டும் பாத்திரத்திற்கே வருகிறோம். இம்முறை கண்ணாடிக் குவளை. பொதுவுடைமை ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியில், கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள சோடிய அயனிகளை நீக்கி அவ்விடத்தில் பெரிய பொட்டாசிய அயனிகளைச் செலுத்தி, எளிதில் உடையாத குவளை செய்யும் முறையை 1970களில் அறிவியலார் கண்டனர். ஷ்வெப்னிட்ஸ் என்னும் சிற்றூரின் ஆலையில் 1980 முதல் 1990 வரை ஏறக்குறைய 12 கோடிக் குவளைகள் வார்க்கப்பட்டன. 'சூப்பர்ஃபெஸ்ட்' என்பது பெயர். சாதாரணக் குவளையைப் போல் ஏறத்தாழ 15 மடங்கு காலம் உழைக்கும் என்று கணித்தனர். மனிதநேயத்தால் எழுந்த முயற்சி என்று இதனைப் போற்ற வேண்டியதில்லை. மூலப்பொருளும் எரிபொருளும் பற்றாக்குறையாக இருந்த நாட்டில், உணவகங்களில் உடையும் குவளைகளுக்கு ஈடுசெய்ய முடியாததால் விளைந்தது அது. மேலைநாட்டு வணிகருக்கு இதனை விற்க முயன்றபோது அவர்கள் ஏற்கவில்லை. உடையாத குவளையை விற்றால் அடுத்த ஆண்டு யாருக்கு எதை விற்பது? சுவர் இடிந்து இரு ஜெர்மனிகளும் இணைந்த 1990 இல் ஆலையின் உற்பத்தி நின்றது. இன்று அந்தக் குவளைகளைப் பழம்பொருட் சந்தையில் தேடி வாங்குகின்றனர். அயனிகளை மாற்றி வலுவூட்டும் அதே நுட்பம் நம் கைப்பேசித் திரைக் கண்ணாடியில் பயன்படுகிறது; நீர் அருந்தும் குவளையில் அன்று.

ஆக, நெடுநாள் உழைக்கும் பொருளைச் செய்யும் அறிவு மனிதரிடம் குறைந்துவிடவில்லை. அதற்குரிய விலையைக் கொடுக்கும் மனம் யாரிடம் உண்டு என்பதே கேள்வி. இக்கேள்வியை ஏழையிடம் கேட்கக் கூடாது என்பதை முன்பே சொன்னோம். அவருக்குத் தேர்வு இல்லை. கொடுக்க வல்லவராய் இருந்தும் மிகக் குறைந்த விலையையே தேடும் நம்மிடம்தான் கேட்க வேண்டும். தென்மாவட்டப் பங்குகளில் அசனத்துக்கு ஏறும் செப்பு அண்டாக்களைப் பார்த்திருப்பீர்கள். உபயம் செய்தவரின் பெயர் கழுத்தில் வெட்டப்பட்டிருக்கும். அவருடைய பேரப்பிள்ளைகளே தாத்தாவாகிவிட்டார்கள். அண்டா இன்னும் கொதிக்கிறது. அதே பங்கு மன்றத்தில் நாற்காலி வாங்கும் பேச்சு எழுந்தால், எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கேட்பவர் ஒருவர். எங்கே இன்னும் மலிவாகக் கிடைக்கும் என்று கேட்பவர் ஒன்பது பேர். கால் ஒடிந்த நாற்காலிகள் மன்றத்தின் பின்புறம் குவிந்து கிடப்பதையும் எல்லாருமே பார்க்கிறார்கள்.

அண்மைக் காலத்தில் அரசுகள் இதில் தலையிடத் தொடங்கியுள்ளன. பிரான்சில் 2021 முதல் சில மின்கருவிகளுக்கு, எவ்வளவு எளிதில் பழுதுபார்க்கலாம் என்பதைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பிட்டு விலைச்சீட்டின் அருகே காட்டும் சட்டம் வந்தது. இந்திய அரசு 2022 இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் அதற்கெனச் சட்டநெறியே இயற்றியது. நல்ல முயற்சிகளே. ஆயினும் இவை இயந்திரங்களைப் பற்றியவை. ஈயம் பூசியவரின் பேரனை மீண்டும் தெருவுக்கு அழைக்க இவற்றால் ஆகாது. பழுதுபார்ப்பவர் கூலி புதுப்பொருளின் விலையை எட்டிவிட்ட இடத்தில் உரிமை இருந்தும் பயனில்லை. சுவீடன் இதனை உணர்ந்து, மிதிவண்டி, காலணி, ஆடை ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் கூலியின்மீதான வரியை 2017 இல் 25 விழுக்காட்டிலிருந்து 12 ஆகக் குறைத்தது. பின்னர் மேலும் குறைத்தது. 2023 இல் பழையபடி உயர்த்திவிட்டது.

கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்ப்போர் இன்றும் உள்ளனர். காவிரியின் வண்டல் மண்ணில் அச்செடுத்து, பித்தளையை உருக்கி ஊற்றி, கடைந்து, பாகம் பாகமாகத் திருகிச் சேர்க்கிறார்கள். மேலே அன்னம் நிற்கும் விளக்கு கோவிலுக்கும் திருமண வீட்டுக்கும் போகிறது. சிலுவை நிற்கும் விளக்கு நம் பீடத்தருகே எரிகிறது. அது தேய்ந்தோ கழன்றோ போனால் திருகைக் கழற்றி அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம். குத்துவிளக்கு வாங்கச் செல்பவர் கடையில் இன்றும் முதலில் கேட்பது எத்தனை கிலோ என்றுதான். பழைய விளக்கைக் கொடுத்துப் புதியது வாங்குவோரும் உண்டு. கடைக்காரர் அதையும் தராசில் வைத்துத்தான் தொகை சொல்கிறார்.